ஒன்பதாவது சனிக்கிழமை

என் அம்மா பிலோமினம்மாளுக்குப் புள்ளியியல் என்றால் என்னவென்று தெரியாது. அதில் நான் தேற வேண்டும் என்பது மட்டும் தெரியும். அந்தப் பாடத்தில் எனக்கும் அதே அளவு அறிவுதான் இருந்தது. ஏற்கெனவே ஒருமுறை விழுந்தவன். மார்ச் மாதப் பரீட்சையில் இன்னொரு முறை விழுந்தால் பல்கலைக்கழகம் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடும். இதைக் கேள்விப்பட்ட அன்றே அம்மா மாதாவிடம் போய்விட்டாள்.

தாம்சன் சாலையில் உள்ள நோவேனா மாதா கோயிலுக்கு ஒன்பது சனிக்கிழமை விடாமல் போய் வேண்டிக்கொண்டால் கேட்டது கிடைக்கும் என்பது சிங்கப்பூரில் பலருடைய கணக்கு. நடுவில் ஒரு சனி விட்டுப்போனால் முந்தையவை எல்லாம் செல்லாது. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். 1978 ஜனவரியில் அம்மா எட்டு வாரங்களை முடித்திருந்தாள். ஒன்பதாவது தவறினால், புதிதாகத் தொடங்கி முடிப்பதற்குள் பரீட்சையும் முடிந்துவிடும். முடிந்த பரீட்சைக்கு வேண்டிக்கொள்வதில் அவளுக்கு உடன்பாடில்லை. மாதாவைச் சங்கடத்தில் மாட்டிவிடக் கூடாது என்பாள்.

அந்த ஒன்பதாவது சனிக்கிழமைக்காகத்தான் மழை காத்திருந்தது போலும். புக்கிட் பாஞ்சாங்கில் பத்தாங்கட்டை என்கிற பத்தாவது மைலில் எங்கள் தகரக் கூரையின் மேல் பேசினது கேட்காத அளவுக்குப் பெய்தது. அம்மா நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்துவிட்டு, நனைந்து திரும்பி வந்தாள். எட்டு வாரமும் அதே புடவைதான்.

“பஸ்ஸே வரல. ரோட்டுல வெள்ளமாம். இன்னிக்குக் கடைசி நோவேனா ஜெபத்துக்காவது போய்ச் சேரணும்” என்றாள்.

அப்போது தில்லையம்பலம் எங்கள் வீட்டில் இருந்தான். யாழ்ப்பாணத்துக் குடும்பம், சட்ட மாணவன், என் நண்பன். நாங்கள் இருவரும் சேர்ந்து படிப்பது வழக்கம். சேர்ந்து படிப்பது என்றால், தனித்தனியாகப் படிக்காமல் இருப்பதை ஒரே மேசையில் உட்கார்ந்து செய்வது. அன்று அவன் தன் அப்பாவின் பச்சை நிறப் பழைய காரில் வந்திருந்தான். அவன் அப்பா ஜெயரத்தினம் அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளார்க். கார் நூலக வாசலில் நிற்பதாக அவரிடம் சொல்லப்பட்டிருந்தது.

அம்மா காரைப் பார்த்தாள். பிறகு தில்லையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய வேண்டுதல்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“ஏறுங்கோ ஆன்ட்டி” என்றான் தில்லை, தூக்குக் கயிற்றைத் தானே சரிசெய்துகொள்கிறவனின் குரலில்.

புக்கிட் தீமா சாலையில் கார் நன்றாகவே போயிற்று. வைப்பர் மட்டும் நினைத்தபோது வேலை செய்தது. ஆடம் ரோடு சந்திப்புக்கு வந்ததும் தில்லை வேகத்தைக் குறைத்தான்.

“ஆன்ட்டி, இதால திரும்பினா மேட்டுப் பக்கம். தண்ணி நிக்காது. நேர போனா கால்வாய் பொங்கியிருக்கும்.”

“எட்டு வாரமும் பஸ் நேராத்தானே போச்சு?”

“அது பஸ். ரூட் மாத்தினா டிரைவருக்கு வேலை போயிரும்.”

“எட்டு வாரம் ஒழுங்கா போயிட்டு, ஒன்பதாவது வாரம் சுருக்கு வழி பாக்கிறதா? எல்லாம் அதே மாதிரி இருக்கணும் தம்பி. நேரா போ.”

“டேய், நீயாவது சொல்லன்” என்று தில்லை என்னைப் பார்த்தான்.

“பரீட்சை என்னோடதுடா. நான் எப்படிச் சொல்றது?”

நேராகப் போனோம். கொஞ்ச தூரத்தில் சாலையும் கால்வாயும் ஒரே நிறமாக இருந்தன. எது முடிந்து எது தொடங்குகிறது என்று தெரியவில்லை. தில்லை ஓரமாக ஒட்டி ஓட்டினான். தண்ணீர் கதவில் மோதியது. கார் இரண்டு தடவை இருமியது, ஒரு தடவை பெருமூச்சு விட்டது, பிறகு அமைதியானது.

“என்ன தம்பி சத்தம்?”

“சத்தம் இல்லாததுதான் ஆன்ட்டி பிரச்சினை.”

எங்கள் பல்கலைக்கழக வாசலுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டோம். சனிக்கிழமையன்று நான் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. காலடியில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. அம்மா முதலில் நோவேனாப் புத்தகத்தைத் தூக்கினாள், பிறகு கைப்பையை, கடைசியாகத் தன் கால்களை.

தில்லை சாவியைத் திருப்பிப் பார்த்தான். திருப்பிக்கொண்டே இருந்தான். கார் தொண்டையைச் செருமியதே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு யோசித்தான். பிறகு தலையைத் தூக்கி, நீதிபதியிடம் பேசுவதுபோல் பேசினான்.

“ஆன்ட்டி, இண்டைக்கு நீங்க போகாட்டியும் அது உங்கட பிழையில்லை. இப்பிடி வெள்ளம் வந்தா ஒப்பந்தத்தையே விட்டுடலாம். கடவுள் செயல் எண்டு சட்டத்திலயே இடம் இருக்கு.”

“கடவுள் செயல்னு கடவுள்கிட்டயே போய்ச் சாக்குச் சொல்லச் சொல்றியா?”

மூன்று வருடம் சட்டம் படித்தவன் மறுபடியும் சாவியைத் திருப்பினான்.

அம்மா கதவைத் திறந்தாள். நடந்தே போகப்போகிறாளாம். ஒரு காலை வெளியே வைத்தாள். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே வேகமாக இழுத்தது. அவளுக்கு அந்த முழங்காலில்தான் வாதம். ஒரு கணம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, பயமும் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்ட பள்ளிப் பிள்ளையின் முகம் அது. எனக்கு அந்த முகம் பிடிக்கவில்லை.

“நீங்க உள்ள உக்காருங்கம்மா. நாங்க பாக்கிறோம்” என்றேன்.

சட்டம் படிக்கிறவனும் பொருளாதாரம் படிக்கிறவனும் சேர்ந்து பானெட்டைத் திறந்தோம். உள்ளே இயந்திரம் இருந்தது. அதுவரை எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

“மழைக் காலத்தில அப்பா இந்தக் கறுப்பு மூடியைக் கழட்டித் துடைக்கிறவர்” என்றான் தில்லை. “துடைச்சிட்டு, காரை நாலு ஏச்சு ஏசுவார். அதுக்குப் பிறகு ஸ்டார்ட் ஆகும்.”

“எது முக்கியம், துடைக்கிறதா ஏசுறதா?”

“தெரியாது. ரெண்டையும் செய்வம்.”

மூடியைக் கழற்றினான். உள்ளே ஈரம். துடைக்கத் துணி வேண்டும். என் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. அவன் சட்டை அதைவிட மோசம். காரில் இருந்த துணி தரையில் மிதந்தது. அந்த வட்டாரத்திலேயே உலர்ந்த துணி என்று இருந்தது ஒன்றுதான்: பிளாஸ்டிக் பையில் மடித்து அம்மா கைப்பைக்குள் வைத்திருந்த முக்காட்டுத் துணி. கோயிலில் தலையில் போட்டுக்கொள்வது. ஓரம் முழுக்கப் பூவேலை.

நான் கேட்கவில்லை. தில்லைதான் கேட்டான். அவனுக்குத் தைரியம் அதிகம். அவள் அவனுடைய அம்மா இல்லையே.

“வேளாங்கண்ணியில வாங்கினது” என்றாள் அம்மா. “கறை போகுமா?”

“போகாது, ஆன்ட்டி.”

அம்மா அவனை நன்றாகப் பார்த்தாள். “போகும்னு சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டேன்” என்று சொல்லி நீட்டினாள்.

பிறகு அவளும் இறங்கிவிட்டாள். தடுத்தேன், கேட்கவில்லை. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையிலிருந்த ஒரே குடையை இயந்திரத்துக்குப் பிடித்தாள். நாங்கள் இருவரும் நனைந்தோம். அவளும் நனைந்தாள். இயந்திரம் மட்டும் ராஜா மாதிரி இருந்தது. தில்லை வெள்ளைத் துணியை மூடிக்குள் விட்டுக் குடைந்து குடைந்து துடைத்தான். அது கறுப்பாக வெளியே வந்தபோது அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

“இப்ப ஏசு” என்றேன்.

“ஆன்ட்டி நிக்கிறா.”

“பரவால்ல தம்பி. நான் காதைப் பொத்திக்கிறேன்” என்றாள் அம்மா. ஆனால் குடையை விட முடியாததால் ஒரு காதைத்தான் பொத்தினாள். தில்லை மரியாதையுடன் ஏசினான்.

சாவியைத் திருப்பியதில் இருமல் கொஞ்சம் நீண்டது, அவ்வளவுதான். பேட்டரி சோர்ந்துபோயிருந்தது. தள்ள வேண்டும். ஓட்டத் தெரிந்தவன் தில்லை ஒருவன்தான், அதனால் அவன் உள்ளே. தள்ளுவதற்கு நான். என் உடம்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மா என் பக்கத்தில் வந்து நின்று காரின் பின்புறத்தில் இரண்டு கைகளையும் வைத்தாள்.

“அம்மா, நீங்க போங்க. கால் வலிக்கும்.”

“உன்னைத் தள்ளித் தள்ளித்தானே இந்த யுனிவர்சிட்டி வாசல் வரைக்கும் கொண்டாந்தேன்? இது என்ன, வெறும் காரு. தள்ளு.”

தள்ளினோம். விடுதி மாடியில் நின்றிருந்த சில மாணவர்கள் கைதட்டினார்கள். பல்கலைக்கழகத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. தண்ணீர் ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் கார் ஒரு குலுங்கு குலுங்கி, பின்னாலிருந்து எங்கள் இருவர் மேலும் கரும்புகையை ஊதிவிட்டு உயிர் பெற்றது.

“நிப்பாட்ட ஏலாது! ஓடி வந்து ஏறுங்கோ!” என்று தில்லை கத்தினான்.

நடக்கவே கஷ்டப்படுகிற என் அம்மா நீலப் புடவையோடு தண்ணீரில் ஓடினாள். நான் பின்னாலிருந்து அவளைக் கதவுக்குள் ஏற்றிவிட்டு, கடைசியில் நானும் தொற்றிக்கொண்டேன். நியூட்டன் சந்திப்பைத் தாண்டும் வரை அம்மாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

நோவேனா கோயில் வாசலில் உள்ளிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. கடைசி வேளை தொடங்கிவிட்டிருந்தது. இப்போது இன்னொரு சிக்கல். இயந்திரத்தை நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. யாராவது ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். யாராவது அம்மாவைப் படியேற்றிக் கூட்டிப்போகவும் வேண்டும்.

“நான் வர்றேம்மா” என்றேன்.

“நீ வேணாம். நீ உள்ள வந்தா கொட்டாவி விடுவ. பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் தொத்திக்கும். தம்பி வரட்டும்.”

“ஆன்ட்டி, நான் சைவம்…”

“மரக்கறிதானே சாப்பிடுற? இங்க சாப்பாடு இல்ல. வா.”

தில்லை என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, என் வலது பாதத்தைப் பிடித்து மிதிக்க வேண்டியதன் மேல் வைத்தான். “இதைத் தவிர ஒண்டையும் தொடாத. காலை எடுத்தியோ, அப்பா என்னைக் கொல்லுவார். நான் உன்னைக் கொல்லுவன்.” பிறகு அம்மா அவன் கையைப் பிடித்துக்கொள்ள, இருவரும் சொட்டச் சொட்டப் படியேறி உள்ளே மறைந்தார்கள்.

எனக்கான வேண்டுதல் உள்ளே நடந்துகொண்டிருந்தது. நான் வெளியே மிதித்துக்கொண்டிருந்தேன். எட்டு வாரமாக நான் இதைக் கேலி செய்துகொண்டுதான் இருந்தேன். ஒன்பது சனிக்கும் ஒரு புள்ளியியல் தாளுக்கும் இடையே உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தால் பேராசிரியரிடம் சொல்கிறேன் என்று அம்மாவிடமே சொல்லியிருக்கிறேன். ஆனால் கெண்டைக்கால் மரத்துப்போய், பிறகு எரிந்து, பிறகு நடுங்கத் தொடங்கியபோதும் நான் காலை எடுக்கவில்லை. அம்மா இருக்கை கிடைத்து உட்கார்ந்தாளா, ஈரத்தில் நடுங்குகிறாளா, தலையில் எதைப் போட்டுக்கொண்டாள் என்றுதான் யோசித்தேன். பரீட்சை ஞாபகம் வரவில்லை. உள்ளே எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். அதில் ஒரு குரல் சுதி சேராமல் எல்லோருக்கும் முன்னால் ஓடியது. அது அம்மாதான். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கூட்டம் வெளியே வந்தது. கடைசியாக அம்மாவும் தில்லையும். அம்மா ஈரமான புடவைத் தலைப்பால் முக்காடு போட்டிருந்தாள். முகம் விளக்கு ஏற்றியதுபோல் இருந்தது.

“கிடைச்சுதாம்மா?” என்று கேட்டுக்கொண்டே எழுந்தேன். கால் தானாக வந்துவிட்டது. கார் நின்றது.

தில்லை கண்ணை மூடிக்கொண்டான்.

“மன்றாட்டு வாசிக்கும்போதே உள்ள போய்ட்டோம். ஒன்பதும் முடிஞ்சுது” என்றாள் அம்மா. “காரு நின்னா நிக்கட்டும். இனிமே என்ன அவசரம்? தம்பி எவ்வளவு அழகா முழங்கால் போட்டான் தெரியுமா? பக்கத்துல ஒரு சீனத்தி அவனுக்குப் புத்தகத்தைப் பிடிச்சுக் காட்டுனாங்க. எப்பேர்ப்பட்ட புள்ள! இவங்க அப்பாவுக்கு ஒரு நன்றி சொல்லணும்.”

“வேண்டாம் ஆன்ட்டி” என்றான் தில்லை. “தயவுசெய்து.”

மரியாதை விஷயத்தில் அம்மா யார் பேச்சையும் கேட்கமாட்டாள். பக்கத்தில் இருந்த பொதுத் தொலைபேசியருகே நின்று, என்னை எண்ணைச் சுழற்றச் சொன்னாள்.

“ஐயா, வணக்கம். உங்க பையனோட பிரெண்டு அந்தோணியோட அம்மா பேசுறேன்… ஆமாங்க, நல்ல மழை… லைப்ரரியா? இல்லீங்களே, எங்கூடக் கோயில்ல இருந்தான். நோவேனா கோயில். அருமையா முழங்கால் போட்டான்… காரா? காரும் வந்துச்சு. தண்ணியில நின்னுச்சு, புள்ளைங்க துடைச்சாங்க… என் முக்காட்டுத் துணிங்க… நைலானுங்க… ஹலோ? ஹலோ?”

“என்னவாம்?” என்றான் தில்லை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“வர்றாராம். டாக்ஸி பிடிச்சு. முழங்கால் போட்டதைப் பத்தி ஒண்ணும் கேக்கல. துடைச்சது பருத்தித் துணியா நைலானான்னுதான் கேட்டாரு. நைலான்னு சொன்னேன். வச்சுட்டாரு.”

வாசலில் கச்சாங் பூத்தே என்கிற வறுத்த கடலை விற்கிறவர் ஒதுங்கி நின்றிருந்தார். அம்மா எங்கள் மூவருக்கும் காகிதச் சுருளில் கடலை வாங்கினாள். கொஞ்சம் யோசித்து நான்காவதும் வாங்கினாள். “பாவம், அவரும் பசியோட வருவாரு.”

மழை தூறலாகக் குறைந்திருந்தது. தில்லை கடலையைச் சாப்பிடவில்லை. சாலையில் வரும் ஒவ்வொரு டாக்ஸியையும் பார்த்தான். பிறகு கோயிலைப் பார்த்தான்.

“ஆன்ட்டி, உள்ள இன்னும் ஆக்கள் இருக்கினமோ?”

“எல்லாரும் போய்ட்டாங்க. ஏன்?”

“சும்மா. ஒண்டு கேக்கலாம் எண்டு.”

“போ. பூட்ட நேரமிருக்கு. மாதா இப்பத்தானே உன்னைப் பாத்தாங்க, ஞாபகம் இருக்கும்.”

தில்லை கடலைச் சுருளை என் கையில் கொடுத்தான். படியேறி, வாசலில் சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தான். அந்தக் கோயிலில் அப்படிக் கழற்ற வேண்டியதில்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைக் கிள்ளினாள்.

வெறுங்காலோடு அவன் உள்ளே போனான்.