இலையின் அடிப்பக்கம்

பேராசிரியர் வாய் திறந்தால் அந்த ஆய்வுக்கூடத்தில் பக்கத்து வாய் திறக்கக் கூடாது. அவருடைய ஆராய்ச்சியும் அதைப் பற்றியதுதான். இலை மூச்சுவிடும் நுண்துளைகளை அங்கே வாய் என்றுதான் சொல்வார்கள். ஒரு வாய் உருவானதும், ஒட்டியிருக்கும் செல்லை ‘நீ திறக்காதே’ என்று அடக்கிவைக்க ஒரு மரபணு உண்டு. அதை முடுக்கிவிட்டு, வாய் குறைந்த, அதிகம் தண்ணீர் கேட்காத செடியைப் படைத்துவிட்டதாக மனிதர் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தார்.

ஆதாரம், அவரே எடுத்த அச்சு. இலையில் நகச்சாயம் பூசி, காய்ந்ததும் உரித்து நுண்ணோக்கியில் வைத்தால் துளைகள் அப்படியே தெரியும். முனைவர் பட்டத்துக்காக ஆறாவது வருடமாக அங்கே தேய்ந்துகொண்டிருந்த மாணவி, விதை நிறுவனத்தார் வருவதற்கு முந்தின நாள் அந்தப் புதுச் செடியில் மறுபடி அச்சு எடுத்தாள். அடிப்பக்கம் முழுக்க ஒட்டி ஒட்டி வாய்கள். முடுக்கிவிட்டதாகச் சொன்ன மரபணு படுத்தே போயிருந்தது.

“சார், மரபணு மாத்தாத பழைய செடிக்கு அடிப்பக்கமும் புதுசுக்கு மேல்பக்கமும் எடுத்திருக்கீங்க. மேல்பக்கம் இந்தச் செடிக்கு எப்பவுமே கம்மிதானே?”

“ஏம்மா, உன் ஆய்வேட்டுல கையெழுத்து போடறது யாரு?”

அவள் தன் அச்சை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். ‘எப்பதான்டி முடிப்பே?’ என்று தினமும் நச்சரிக்கும் அக்காவை நினைத்துக்கொண்டாள். தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மறுநாள் நிறுவனத்து அம்மாள் ஆசைப்பட்டுத் தானே தூரிகையை எடுத்தார். மேல்பக்கத்தில் பேராசிரியர் ஏற்கெனவே பூசிவைத்திருந்ததால், இலையைப் புரட்டிப் பூசினார். காய்ந்ததும் உரித்து வைத்தால், நுண்ணோக்கியின் திரை முழுக்க வாய்கள்.

பேராசிரியர் அசரவில்லை.

“பாத்தீங்களா! நினைச்சதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு. வாய் பெருகுற செடி! இதை நிரூபிக்க நம்ம பொண்ணு இன்னும் நாலு வருஷம் இங்கேயேதான் இருப்பா.”

எல்லோரும் கைதட்டினார்கள். மாணவி மட்டும் தட்டவில்லை. எந்தக் கையெழுத்துக்காகச் சும்மா இருந்தாளோ அதுவும் போயிற்று. ஓரத்திலிருந்த பழைய செடியைத் தூக்கிவந்து மேஜையில் வைத்து, மேல்பக்கத்தில் சாயம் பூசத் தொடங்கினாள்.

“இது எதுக்கும்மா?” என்றார் அந்த அம்மாள்.

“இது சாதாரணச் செடிங்க. மேல்பக்கம் இதுலயும் வாய் கம்மியாத்தான் இருக்கும். சார் உங்களுக்குக் காட்டின கண்டுபிடிப்பு இவ்வளவுதான். காயட்டும், நீங்களே பாருங்க.”

பேராசிரியர் அவளை ஒட்டித்தான் நின்றிருந்தார். அவள் வாயை அடக்க முடியவில்லை.