மூக்கைத் தொட்டால் ‘ம’

தறிக்கூடத்தில் பேச்சு காதில் விழாது. எல்லாத் தறிகளும் ஓடும்போது, பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் உதடு அசைவது மட்டும்தான் தெரியும். அதனால் அங்கே வேலை செய்யும் பெண்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். ஒரே ஒரு தொல்லை. ‘ப’ சொன்னாலும் ‘ம’ சொன்னாலும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கும். தறியில் ஏற்றும் பாவு நூல் என்றாளா மாவு என்றாளா என்று தெரியாது. அதற்கும் யாரோ ஒரு புண்ணியவதி வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள்: ‘ம’ வந்தால் விரலால் மூக்கைத் தொட வேண்டும். பழகிப் போய், வீட்டில் மாத்திரை கேட்கும்போதுகூட அவர்கள் கை மூக்குக்குப் போய்விடும்.

தறி ஓட்டிக்கொண்டே படித்துப் பள்ளி இறுதித் தேர்வில் தேறிய ஒருத்தி, அன்று செவிலியர் பயிற்சிப் பள்ளியில் நேர்காணலுக்கு வந்திருந்தாள். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். மறுபடி விண்ணப்பிக்க முடியாது. துணைக்கு வந்தவள் கணவனின் அக்கா; அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அதே தறிக்கூடத்தில் துணி மடிக்கும் வேலை அண்ணிக்கு.

“உன் புருஷனை இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டுதான் நான் அஞ்சாவதை விட்டேன்” என்று பேருந்தில் அண்ணி சொன்னாள். “இப்ப நீ படிக்கப் போனா உன் பிள்ளையும் என் இடுப்புலதான். என் இடுப்பு என்ன பெஞ்சா, ஆளாளுக்கு ஏறி உக்கார?”

அண்ணி சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

உள்ளே முதல்வர் அம்மாவும் நிர்வாகியும் இருந்தார்கள். எதற்காக இந்தப் படிப்பு என்று முதல்வர் கேட்டார். அவள் வாயைத் திறந்ததும் மேசைமேல் இருந்த கண்ணாடி டம்ளரே அதிர்ந்தது போலிருந்தது.

“இங்க யாருக்கும் காது மந்தமில்லைம்மா” என்றார் நிர்வாகி.

அவள் குரலைக் குறைத்தாள். எவ்வளவு குறைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இப்போது உதடு மட்டும் அசைந்தது.

“மெதுவா, ஆனா எங்களுக்குக் கேக்கிற மாதிரி சொல்லு” என்றார் முதல்வர்.

“கூட வேலை பாத்தவ கை தறியில மாட்டிக்கிச்சுங்க. சுத்தி நின்னு எல்லாரும் அழுதோம். என்ன செய்யணும்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் இல்ல. அந்த ஆளா நான் இருக்கணும்னு நினைச்சேன்.”

முதல்வர் எதையோ குறித்துக்கொண்டார். நிர்வாகி நாற்காலியில் சாய்ந்தார். “இந்தக் குரலோட வார்டுல எப்படி? நம்ம சலவைப் பிரிவுல துணி மடிக்க ஆள் வேணும். நாளைக்கே சேரலாம். யோசிச்சுப் பாருங்க. வெளிய இருங்க, பேசிட்டுக் கூப்பிடறோம்.”

கதவருகில் நின்ற ஆயா, “எங்கயும் போயிடாதம்மா. கூப்பிடும்போது ஆள் இல்லன்னா அடுத்த பொண்ணுக்குக் குடுத்துடுவாங்க” என்றாள்.

“என்னடி, ஊரையே கூட்டிட்டே?” என்றாள் வெளியே காத்திருந்த அண்ணி.

“கேட்டுச்சா அண்ணி?”

“முதல் பாதி. அப்புறம் மயக்கம் போட்டுட்டியோன்னு பயந்துட்டேன்.”

கதவில் பாதிக்குமேல் கண்ணாடி. உள்ளே நிர்வாகி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். முதல்வரின் முகம் மட்டும் தெரிந்தது. அண்ணியும் அவளும் பழக்கதோஷத்தில் அந்த உதட்டையே பார்த்தார்கள். ‘தறி’ என்றது. ‘வயசு’ என்றது. அவள் மனத்துக்குள், கடவுளே, கடவுளே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முதல்வர் பேனாவை மூடினார். உதடு மூடித் திறந்தது. அந்த நொடியே அவர் விரல் மூக்குக்குப் போனது.

மடிக்கட்டும்.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“வாங்க அண்ணி, போலாம். மடிக்கட்டும்னு சொல்லிட்டாங்க. அதை அவங்க வாயால வேற கேக்கணுமா?”

அண்ணி எழுந்திருக்கவில்லை. கதவை ஒட்டி உட்கார்ந்திருந்ததால் அவள் வேறொன்றையும் பார்த்திருந்தாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நாளைக் காலை இருவரும் சேர்ந்து வேலைக்குப் போவார்கள், சம்பளம் இரண்டும் வீட்டுக்கு வரும், இடுப்பும் தப்பிக்கும். பேசாமல் இருப்பது பொய் சொன்னதாகுமா என்று மனம் இப்படிப்பட்ட நேரத்தில் நைசாகக் கேட்கும். நம்மிடமும் கேட்டிருக்கிறது.

அதற்குள் பையோடு அவள் படிக்கட்டு வரை போய்விட்டாள். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். உள்ளே யாரோ எழுந்துகொண்டிருந்தார்கள்.

“ஏய், நில்லுடி.”

தறிக்கூடத்துக் குரல். மாடியில் இருந்தவர்கள்கூட நின்றிருப்பார்கள்.

“அந்தம்மா மூக்கைத் தொடல. மூக்குக் கண்ணாடி வழுக்குச்சு, ஏத்தி விட்டாங்க. அவங்க என்ன நம்மகூடத் தறியா ஓட்டறாங்க, மூக்கைத் தொட்டுப் பேச? வந்து உக்காரு.”

“அப்போ...”

“ரெண்டுல எதுன்னு எனக்கும் தெரியாது. வாயால சொல்லட்டும், கேட்டுட்டுப் போவோம்.”

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அண்ணியின் கை அவள் கையைத் தேடிப் பிடித்தது. கதவு திறந்தது. முதல்வர் அம்மா வெளியே வந்து, மறுபடி வழுக்கிய மூக்குக் கண்ணாடியை விரலால் ஏற்றிவிட்டார்.

“படிக்கட்டும்னு சொல்லிட்டேன். திங்கட்கிழமை வந்து சேர்ந்துக்கோ. ஆனா வார்டுல குரல் அடங்கணும்.”

“சரிங்கம்மா” என்றாள் அவள். இந்த முறை அளவாக வந்தது.

“அதை நான் பாத்துக்கறேங்க” என்று தறிக்கூடத்துக் குரலிலேயே அண்ணி போட்ட போட்டில் ஆயா சிரித்துவிட்டாள்.

வெளியே சாலையில் லாரிகள் வரிசையாக இரைந்துகொண்டிருந்தன. முன்னால் நடந்த அண்ணி திரும்பி ஏதோ சொன்னாள். ஒரே சொல். காதில் விழவில்லை, உதடு மூடித் திறந்தது மட்டும் தெரிந்தது. அண்ணி தன் இரண்டு கைகளையும் மூக்குப் பக்கமே போகாதபடி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.