வீட்டுக்கு வெளியே ஒரு வருஷம்

அந்த வருஷம் ஸ்ரீராம்புரத்தில் அந்தச் சந்துக்குள் நுழைகிறவன் எவனாக இருந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் நுழைய வேண்டும். சின்னப்பா என்பவரின் மகள் வீணா சி.இ.டி.க்குப் படித்துக்கொண்டிருந்தாள். பி.யூ.சி., அதாவது பிளஸ் டூ, முடிக்கிற பிள்ளைகள் இன்ஜினியரிங் சீட்டுக்காக எழுதுகிற பரீட்சை அது. அந்தச் சந்திலிருந்து அதற்கு முன் யாரும் எழுதியதில்லை, அதனால் ஒட்டுமொத்தச் சந்துமே அதை எழுதுகிற மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு நோயல் தன் ஆட்டோவை முனையிலேயே அணைத்துவிட்டு வீடு வரை தள்ளிக்கொண்டு வருவான். ஆடிக்கூழ் ஊற்றியபோது ஸ்பீக்கரை ரயில் பாதைப் பக்கம் திருப்பி வைத்தார்கள். அம்மனுக்காவது பாட்டு கேட்டதா என்று அம்மனைத்தான் கேட்க வேண்டும்.

சின்னப்பாவின் வீடு ஒரே அறை. சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதற்குள்தான். வீணா புத்தகத்தைத் திறந்துவிட்டால் மற்ற மூன்று பேரும் வெளியே போய்விட வேண்டும். இது யாரும் போட்ட சட்டம் இல்லை, தானாக வந்தது. சின்னப்பாவின் மனைவி முத்தம்மா மிக்சியைத் தூக்கிக்கொண்டு போய் நோயல் வீட்டில் சட்னி அரைப்பாள். டி.வி.யின் மேல் பழைய சேலையைப் போர்த்தி, கேபிளைப் பிடுங்கியாயிற்று. சின்னவன் விக்கியைத் தெருவில் விட்டார்கள். அவன் கிரிக்கெட்டில் பெரிய ஆளானான், கணக்கில் கோட்டை விட்டான்.

சின்னப்பா பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். நாள் பூராவும் நின்றே செய்கிற வேலை. கம்பெனி பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து இறக்கிவிடும்போது கால் இரண்டும் வலியில் கெஞ்சும். இருந்தாலும் நேராக வீட்டுக்குள் போகமாட்டார். முகம் கழுவிவிட்டு நோயலின் ஆட்டோவில் பின் சீட்டில் ஏறி, வீணா புத்தகத்தை மூடும் வரை காலை மடக்கி உட்கார்ந்துகொள்வார். மழை வந்தால் படுதாவை இறக்கிவிட்டுக்கொள்வார். மனுஷன் ஒரு நாள் முணுமுணுத்ததில்லை.

ஜூன் மாதம் ராங்க் வந்தது. எங்கோ அடியில் கிடந்தது. ஃப்ரீ சீட்டுக்கு எட்டவே எட்டாது. பணம் கட்டிச் சேருகிற சீட்டைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே எழவில்லை. மல்லேஸ்வரத்தில் ஒரு காலேஜில் பி.எஸ்சி. கிடைக்கும், சேர நாளைக்குத்தான் கடைசி நாள். இல்லையென்றால் வீட்டில் உட்கார்ந்து இன்னொரு வருஷம் படித்து, மறுபடி சி.இ.டி. எழுத வேண்டும். இரண்டில் எது என்று வீணா வாயே திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த முத்தம்மாவிடம் சின்னப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

"பி.எஸ்சி. படிச்சா மட்டும் இன்னா, கெட்டா பூடும்?"

முத்தம்மா கை நின்றது. "இன்னாய்யா சொல்ற? ஒனக்கு முதுகு சாய்க்க எடம் வேணும்னு அவ படிப்ப நிறுத்தச் சொல்றியா?"

ஐயோ, அந்த வார்த்தை நேராக நெஞ்சில் போய் இறங்கியது. ஏனென்றால் அதில் பாதி நிஜம். ராங்க் வந்த அன்று, மகளுக்காக வயிறு எரிந்த அதே நேரத்தில், இனிமேல் வீட்டுக்குள் போய்ப் படுக்கலாம் என்று உடம்பில் ஒரு மூலை சந்தோஷப்பட்டதை அவர் அறிவார். சே, நானெல்லாம் ஒரு தகப்பனா என்று இருந்தது. அவமானம் வந்தால் சின்னப்பாவுக்குக் கூடவே குரலும் வந்துவிடும். எழுந்து நின்று, ஒரு வருஷமாகச் சந்து கேட்காத சத்தத்தில் கத்தினார்.

"எழுதட்டும்! என் பொண்ணு திருப்பி எழுதுவா! நான் ரோட்ல படுத்தாலும் பரவால்ல!"

நோயல் ஓடி வந்தான். "அண்ணா, மெதுவா. பாப்பா படிக்குது."

"இன்னாத்தடா படிக்குது? பரீட்சையே முடிஞ்சு போச்சு!"

"அட, ஆமால்ல" என்று நோயல் தலையைச் சொறிந்தான்.

அப்போது வீணா வெளியே வந்தாள். யாரையும் பார்க்காமல் போய் ஆட்டோவில் ஏறி, அப்பா உட்காருகிற இடத்திலேயே உட்கார்ந்தாள். சின்னப்பா பின்னாலேயே போய்ப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டார்.

"நாளைக்கு காலேஜ்ல சேந்துடறேன் நைனா" என்றாள்.

"எதுக்கு? எங்க கஷ்டத்தப் பாத்தா? எங்களுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லம்மா. காத்தோட்டமா கீது இங்க. நெஜமா சொல்லு, ஒனக்கு எழுதணும்னு இக்குதா, இல்லையா?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இக்குது நைனா. ரொம்ப இக்குது. ஆனா இந்த மாதிரி இன்னொரு வருஷம் என்னால முடியாது."

"எந்த மாதிரி?"

"உள்ள நான் ஒருத்தி. வெளிய நீங்க மூணு பேரு. புக்கத் தொறந்தா எழுத்தா தெரியுது? நீ இங்க கால மடக்கிகினு குந்திகினு இருக்கிறதுதான் தெரியுது. ஒரு நாள் பெரிய மழ. ஜன்னல்லேர்ந்து பாக்கறேன், படுதாவப் புடிச்சிகினு நனையற. உள்ள வான்னு கூப்பிடலாம்னு வாசல் வரைக்கும் வந்தேன். கூப்ட்டா நீ போயி படின்னு சொல்லுவ. திரும்பிப் போயி ஒக்காந்து அழுதேன். அதுதான் நான் படிச்ச லட்சணம்."

"சத்தமா இருந்தா ஒனக்கு படிப்பு வராதேன்னுதானம்மா..."

"யாரு சொன்னது? பத்தாவது எப்பிடி படிச்சேன்? நீ ஒரு பக்கம் குறட்ட விட்டுகினு, அம்மா ஒரு பக்கம் விக்கியத் தொரத்திகினு, டி.வி. பாட்டுக்கு ஓடிகினு. ஸ்கூல்லயே ஃபர்ஸ்ட் வந்தேனா இல்லையா?"

வந்தாள். சந்துக்கே லட்டு கொடுத்தது சின்னப்பாதான். வெறும் அன்பினால் ஒரு வீட்டையே காலி பண்ணி, அதற்குள் அந்தப் பிள்ளையைத் தனியாகப் போட்டுப் பூட்டியிருக்கிறோம் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. சந்து முழுக்கச் சேர்ந்து செய்த காரியம் அது. கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை, அதனால் யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?"

"எப்பிடி சொல்றது? நோயல் மாமா ஆட்டோவத் தள்ளிகினு வராரு. அவர்கிட்டப் போயி வேணாம்னு எப்பிடி சொல்றது?"

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த முத்தம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நோயல் எதையோ தேடுகிறவன்போல ஆட்டோவுக்கு அடியில் குனிந்துகொண்டான்.

வீணா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். "திருப்பி எழுதறேன் நைனா. ஆனா நீ உள்ள வரணும். நீ இன்னொரு நாள் இங்க வந்து குந்தினா, நான் ஹால் டிக்கெட்டு கூட வாங்க மாட்டேன்."

சொல்லிவிட்டு இறங்கி உள்ளே போய்விட்டாள்.

சின்னப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனார். அந்த நேரத்தில் அவர் உள்ளே வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கே உட்காருவது என்று தெரியாமல், பெண் பார்க்க வந்த வீட்டில் நிற்கிற மாப்பிள்ளை மாதிரி நடு அறையில் நின்றார். வீணா புத்தகங்களை ஒரு பக்கமாகத் தள்ளி, சுவரோரம் பாயை விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டாள்.

"படு நைனா" என்றாள்.

படுத்தார். முதுகு தரையில் பட்டதும், ஐம்பதை நெருங்குகிற அந்த மனுஷனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகள் பார்த்துவிடப் போகிறாளே என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல், அவர் முதுகில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் பிசிக்ஸைத் திறந்தாள்.