ஃபிசிக்ஸில் பி பிளஸ்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் மத்தியானம் மூன்று மணிக்கு வந்தது. மூன்றரைக்கெல்லாம் பாலத்தறை முக்கில் ஃப்ளெக்ஸ் தொங்கிவிட்டது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பரீட்சை எழுதுவதே ஃப்ளெக்ஸில் ஏறத்தான் என்று ஆகிவிட்டது. பத்துப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கினால் ‘ஃபுல் ஏ பிளஸ்’. மூஞ்சி முக்கில் தொங்கும், மேடையில் கூப்பிட்டுக் கேடயம் கொடுப்பார்கள். ஒன்றே ஒன்று குறைந்தாலும் அந்தப் பிள்ளையை நாய் கூடச் சீந்தாது.

அரை மணி நேரத்தில் எப்படி அச்சடித்தார்கள் என்று யாரும் அசந்துபோக வேண்டாம். நவஜோதி கிளப் செயலாளர் ஷிபுலால் முந்தின வாரமே அடித்துச் சுருட்டித் தன் ஒர்க்‌ஷாப் பரணில் போட்டு வைத்திருந்தான். போன வருஷம் எதிர்ச்சாரியிலுள்ள சங்கமம் கிளப்காரர்கள் முந்திக்கொண்ட வயிற்றெரிச்சல் அவனுக்கு. யாரெல்லாம் வாங்குவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் விசாரித்து, பத்துப் பேர் படத்தைப் போட்டுவிட்டான். ஒன்பது பேர் அவன் மானத்தைக் காப்பாற்றினார்கள். பத்தாவது ஆள் ப்ரஸீதா டீச்சரின் மகள் தீர்த்தா. அவளுக்கு ஒன்பது ஏ பிளஸ், ஃபிசிக்ஸில் மட்டும் பி பிளஸ்.

ப்ரஸீதா டீச்சர் அதே பள்ளிக்கூடத்தில் எடுப்பது ஃபிசிக்ஸ்தான். அப்புறம் கேட்க வேண்டுமா!

சாயங்காலம் இழவு வீட்டுக்கு வருவதுபோல அக்கம்பக்கத்தார் வந்தார்கள். டீச்சர் சோபாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு ரமணிச் சேச்சி தீர்த்தாவின் தலையைத் தடவினாள்.

“போகட்டும் மோளே, ஒண்ணுதானே போச்சு.”

“எதுவும் போகலை சேச்சி. பத்துலயும் பாஸ்.”

“மனசைத் தேத்திக்கிறா பாவம்” என்றாள் சேச்சி, டீச்சரைப் பார்த்து.

தீர்த்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேற்றிக்கொள்ள அவளுக்கு ஒன்றுமே இல்லை. அந்த பி பிளஸ் ஏன் வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு வேறு பள்ளியிலிருந்து வந்தவர் லிஜி டீச்சர், அம்மாவோடு பி.எட். படித்தவர். கடைசி அரை மணியில் தீர்த்தாவின் டெஸ்க்கில் கையை ஊன்றிக் குனிந்தவர், பேப்பரைச் சரிபார்ப்பது போல மூன்று கேள்விக்கு விடையை மளமளவென்று காதில் சொல்லிவிட்டுப் போனார். அந்த மூன்றும் தீர்த்தாவுக்குத் தெரிந்தவைதான், அதில் லென்ஸ் படத்தைப் பாதி போட்டும் இருந்தாள். ஆனால் காதில் விழுந்த பிறகு பேனா ஓடவில்லை. எழுதினால் அது தன்னுடையதா லிஜி டீச்சருடையதா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. மூன்றையும் குறுக்கே அடித்துவிட்டுப் பேப்பரைக் கொடுத்துவிட்டாள்.

எல்லாரும் கலைந்த பின் ஷிபுலால் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“டீச்சரே, இப்ப என்ன செய்யறது? சங்கமத்துக்காரங்க ஒன்பது பேரைப் போட்டிருக்காங்க. நம்மளுது பத்து. இவ படத்தை எடுத்தா நாமளும் ஒன்பதுதான்.”

“எடுக்க வேண்டாம் ஷிபு. மறுமதிப்பீட்டுக்குப் போடறேன். எப்படியும் வந்துரும்.”

“அதான் நானும் நினைச்சேன். வரப்போற மார்க்குதானே! ஞாயித்துக்கிழமை மேடையில அவ பேருக்கும் கேடயம் இருக்கு.”

“ஷிபுச்சேட்டா, என் படத்தை எடுத்துருங்க” என்றாள் தீர்த்தா. “இல்லைன்னா கீழ பி பிளஸ்னு எழுதுங்க.”

ஷிபுலால் நல்ல ஜோக்கைக் கேட்டவன் மாதிரி சிரித்தான். “பி பிளஸ்ஸுக்கு யாராவது ஃப்ளெக்ஸ் வைப்பாங்களா மோளே?” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

அவன் தலை மறைந்ததும் தீர்த்தா அம்மா பக்கம் திரும்பினாள். “மறுமதிப்பீட்டுல திருத்த அங்க ஒண்ணும் இல்லைம்மா. மூணு கேள்வியை நானே அடிச்சுட்டேன்.”

“அடிச்சியா? ஏண்டி?”

“லிஜி டீச்சர் வந்து விடையைச் சொன்னாங்க. அதான்.”

லிஜி ஏன் சொன்னாள் என்று டீச்சர் கேட்கவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினார். மேடை ஏறிக் கேடயம் வாங்க வேண்டியதுதான் என்று அந்த முதுகே சொன்னது. வாங்கினால் ஆயுசுக்கும் அந்தப் பொய்யைச் சுமக்க வேண்டும் என்று தீர்த்தா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, பஸ்ஸுக்கு ஆட்கள் நிற்கும் நேரமாகப் பார்த்துத்தான் அவள் முக்குக்குப் போனாள். டீக்கடை பெஞ்சை இழுத்து ஃப்ளெக்ஸுக்கு அடியில் போட்டு ஏறினாள். கையில், அம்மா சார்ட் எழுதும் தடி மார்க்கர்.

“என்ன மோளே, உன் படத்துக்கு நீயே மீசை வைக்கப்போறியா?” என்றார் டீக்கடைக்காரர்.

“மார்க் வைக்கப்போறேன் சேட்டா.”

தன் படத்தின் கீழிருந்த ‘ஃபுல் ஏ பிளஸ்’ஸை அடித்தாள். அதற்குக் கீழே, பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரியும்படி கொட்டை எழுத்தில் ‘ஒன்பது ஏ பிளஸ். ஃபிசிக்ஸ் பி பிளஸ்’ என்று எழுதினாள். ஷிபுலால் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிரீஸ் கையோடு ஓடி வந்தான்.

“அய்யோ, என் ஃப்ளெக்ஸு! கிளப் மானத்தை வாங்கிட்டாளே!”

“மார்க் என்னுது சேட்டா. ஃப்ளெக்ஸ் உங்களுது. படத்தை எடுங்கன்னு நேத்தே சொன்னேன்.”

அதற்குள் ப்ரஸீதா டீச்சரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. “இறங்குடீ கீழ!” என்றார். பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருத்தர் சும்மா இருப்பாரா? “ஏன் டீச்சரே, வீட்டுக்குள்ளயே ஃபிசிக்ஸ் டீச்சரை வச்சுக்கிட்டு பி பிளஸ்ஸா?” என்று குத்தினார். நாலு பேர் சிரித்தார்கள்.

டீச்சரின் முகம் வெளுத்தது. பெஞ்சின் மேல் நிற்கும் மகளை அண்ணாந்து பார்த்தார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், லிஜியின் வேலையும் போகும், தன் வேலையும் போகும். தீர்த்தாவுக்கும் அது தெரியும். அம்மாவின் கண்ணில் அந்தப் பயத்தைப் பார்க்க அவளுக்குக் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

“எங்கம்மா ஒழுங்காத்தான் சொல்லிக்கொடுத்தாங்க” என்றாள் அந்த ஆளிடம். “நான் எழுதலை. உங்களுக்கு என்ன வந்துச்சு?”

இறங்கி, பெஞ்சை இருந்த இடத்தில் போட்டுவிட்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டாள்.

பாலம் தாண்டியதும் டீச்சர் திரும்பாமலே சொன்னார்: “லிஜிகிட்ட நான்தான் சொல்லி வச்சேன்.”

“தெரியும்.”

“உனக்கு அந்தக் கேள்வியெல்லாம் நிஜமாவே தெரியாதா?”

தீர்த்தா அம்மாவின் முதுகில் விரலால் இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்தாள். குறுக்கே லென்ஸை வரைந்தாள். இந்தப் பக்கம் குவியம், அதன் இருமடங்கு தூரம், நடுவில் பொருள். அதன் உச்சியிலிருந்து ஒரு கதிர் நேராகப் போய் மடங்கியது, இன்னொன்று லென்ஸின் மையத்தில் புகுந்து மடங்காமல் போனது. இரண்டும் சேர்ந்த இடத்தில், அம்மாவின் வலது தோள்பட்டைக்குக் கீழே, தலைகீழாகப் பெரிய பிம்பத்தைப் போட்டு முடித்தாள். டீச்சர் ஸ்கூட்டரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “கதிருக்கு அம்புக்குறி போடலை” என்றார். “அரை மார்க் குறைப்பேன்.”

“குறைச்சுக்கோ” என்றாள் தீர்த்தா. “அது நானே விட்டது.”