மதகில் கட்டிய பிரி

ஏரி மதகுச் சக்கரத்தில் செங்கேணி நேற்று நெல்தாளை முறுக்கிக் கட்டிய பிரியைக் காணோம். அந்த இடத்தில் உத்திரமேரூரிலிருந்து வாங்கி வந்த சாமந்தி மாலை தொங்கியது.

அறுத்த நெல் வயலில் காய்ந்துகொண்டிருந்தால், வயல்காரர் மதகில் ஒரு பிரி கட்டிவிடுவார். அது இருக்கும்வரை யாரும் சக்கரத்தைத் தொடமாட்டார்கள். வலப்பக்கம் சுற்றினால் மரைத்தண்டு ஏறும், அடியில் இரும்புப் பலகை தூக்கிக்கொள்ளும், தண்ணீர் கால்வாயில் இறங்கிப் பள்ளத்தைத் தேடும். மதகுதான் புதிது, கால்வாய்க் கரை பழைய உடைசல். பள்ளத்தில் செங்கேணி குத்தகைக்கு எடுத்த அரைக்காணி இருந்தது. அறுப்பு மிஷின் சேற்றில் புதையும் என்று கையால் அறுத்துப் போட்டிருந்தாள். நனைந்தால் நெல் தாளிலேயே முளைத்துவிடும். வருஷச் சாப்பாடு போய்விடும்.

மதகு வெளிநாட்டுக் கடனில் கட்டியது. அதைப் பார்க்க ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்திருந்தார். அவர்கள் நாட்டால் கடனைக் கட்ட முடியவில்லையாம். கொடுத்தவர்களே ஒரு பங்கைத் தள்ளிவிட்டு, அந்தப் பணத்தில் அங்கே ஏரிகளைச் சீர்செய்யச் சொல்கிறார்களாம். இன்ஜினியர் சுகுமார் நேற்றுக் கூட்டத்தில் இதை விளக்கியபோது, "அந்தப் புண்ணியவான் எங்க குழு லோனுக்கும் வருவானா சார்?" என்று செங்கேணி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

இப்போது அந்த அம்மாவின் கைகள் சக்கரத்தின் மேல் இருந்தன.

"தொறக்காதீங்க சார்! கீழ நெல்லு கீது!"

"போட்டோவுக்கு ஒரு சுத்துதாம்மா. தள்ளிப் போ," என்றார் சுகுமார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பிரிய யாரு அவுத்தது?"

"குப்பைன்னு தூக்கிப் போட்டுட்டாங்க."

ஏரிச் சங்கத் தலைவர் வேதாசலம் மேட்டு நிலக்காரர். பிரி எதற்கென்று அவருக்குத் தெரியும். "நைனா, நீங்களாவது சொல்லுங்க."

அவர் சக்கரத்து மாலையைச் சரிசெய்தார். "வெளிய ஜனம் எதிர்ல பேஜார் பண்ணாத செங்கேணி."

அந்த அம்மா ஏதோ கேட்டார். சுகுமார் சிரித்தபடி சொன்ன பதிலில் 'வெல்கம்' மட்டும் செங்கேணிக்குப் புரிந்தது.

"இன்னா சார், நான் வரவேத்துக்கினா கீறேன்?"

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது. அடியில் தண்ணீர் களகளத்தது.

செங்கேணி கரையோரக் குப்பையைக் கிளறிப் பிரியை எடுத்து ஓடிவந்தாள். அந்த அம்மாவின் இரண்டு கைகளுக்கும் நடுவே அதைச் சக்கரத்தில் சுற்றினாள். அவசரத்தில் முடிச்சு விழவில்லை. அந்த அம்மா பிரியில் ஒட்டியிருந்த நெல்மணியை நகத்தால் தொட்டுப் பார்த்தார். பிறகு சுகுமாரிடம் மறுபடியும் ஏதோ கேட்டார். இந்தத் தடவை சுகுமார் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் வேதாசலத்தைப் பார்த்தார்.

மதகை மூட இடப்பக்கம் ஒரு சுற்று போதும். இரண்டு பெண்களின் நான்கு கைகளும் சக்கரத்தின் மேலேயே இருந்தன. கீழே சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீரின் முனை கால்வாய் வளைவில் பள்ளத்துப் பக்கம் திரும்பியது.