கொசுவுக்குக் கை கொடுத்தவள்

மாப்பிள்ளைக்கு சர்க்கார் வேலை என்று சொல்லித்தான் முத்துக்கனியைக் கட்டிக் கொடுத்தார்கள். என்ன வேலை என்று அவள் அப்பா கேட்டதற்கு, "தீவனம் குடுக்கிற வேலை" என்றான் வைகுண்டராஜன். மாடாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிப் புது சர்க்கார் வந்திருந்த சமயம். என்னென்னவோ வேலைகள் புதிதாக வந்துகொண்டிருந்தன.

கல்யாணத்துக்குப் பிறகு முத்துக்கனியின் கண்ணில் பட்டது அவனுடைய இடது கை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சிவந்த தடிப்புகள். பழையது ஆறுவதற்குள் புதியது வந்துவிடும். வலது கையில் ஒரு புள்ளிகூட இல்லை. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய நோயோ என்று அவள் பயந்தாள்.

"கை ஏன் இப்பிடி இருக்கு?"

"வேலை அப்பிடி."

"மாடு கடிக்குமா?"

"மாடு இல்லட்டி, கொசு."

நேரில் பார்க்காமல் அவள் நம்பவில்லை. மறுநாளே கூட்டிப்போனான்.

குளச்சல் சாலையில் ஒரு ஓட்டு வீட்டை யானைக்கால் நோய் ஆராய்ச்சிக்காக வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அதன் உள்ளறைக்கு இரண்டு கதவுகள். ஒன்றை அடைத்த பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும். வெயில் ஏறினால் சுவரில் தொங்கும் சாக்குகளை நனைப்பார்கள். குளிர்ந்தால் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைப்பார்கள். வெளியே மழையானாலும் வெயிலானாலும் உள்ளே ஒரே புழுக்கம்தான். வலைத்துணி கட்டிய கூண்டுகளில் கொசுக்கள் இருந்தன. ஆண் கொசுவுக்கு ஊறவைத்த உலர்திராட்சை. பெண் கொசுவுக்கு வைகுண்டராஜனின் கை.

"ரத்தம் குடிச்சாத்தான் முட்டை போடும்" என்றார் பொறுப்பிலிருந்த யேசுரத்தினம் டாக்டர். "வெளிக்கொசுவுல நோய் இருக்கும். இதுக முட்டையில இருந்தே நம்ம கிட்ட வளந்ததுக. சுத்தமானதுக."

"வீட்டுல நாங்க புகை போட்டு வெரட்டுதோம் டாக்டரே. இஞ்ச திராட்சையா?"

"ஆராய்ச்சிம்மா" என்றார் டாக்டர். அவர் சிரிக்கவில்லை.

அப்பா வந்து விசாரித்தபோது, மாடுதான் என்று முத்துக்கனி சொல்லிவிட்டாள்.

ஆனி மழையில் வைகுண்டராஜனுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. டாக்டரே குடை பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நாடி பார்த்தார், மருந்து கொடுத்தார். அதன் பிறகும் போகாமல் நின்றார்.

"காய்ச்சல்காரன் ரத்தம் ஆகாது. என் கையில ஒண்ணும் ஒழுங்கா உக்கார மாட்டேங்குது. பியூன் ஒரு தடவை கையை விட்டான். மறுநாள் லீவு. இப்பிடியே விட்டா எல்லாம் முட்டையிடாமலே செத்துப்போகும்."

முத்துக்கனி பாயில் கிடந்த புருஷனைப் பார்த்தாள். அந்தக் கூண்டுகளை வைத்துத்தான் அவனுக்கு வேலை.

"நான் வாறேன்" என்றாள்.

"ஏட்டி, வேண்டாம்" என்று போர்வைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அதற்குள் அவள் முற்றத்தில் இறங்கிவிட்டாள்.

கூண்டின் துணிக்குழல் வழியாகக் கையை உள்ளே விட்டு, "அய்யா உண்டு" என்று சாமியை வேண்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். சொறியக் கூடாது என்பதுதான் விதி. வேறு எதையாவது நினைக்கச் சொன்னார் டாக்டர். அவள் சாளை மீன் குழம்பை நினைத்தாள். உப்புப் போட்டோமா என்ற சந்தேகத்திலேயே பொழுது போய்விட்டது.

சில நாளில் தண்ணீர்த் தட்டுகளில் முட்டைகள் மிதந்தன, கரித்தூளில் செய்த சின்னச் சின்னப் படகுகள் போல. இதுவரை இவ்வளவு இட்டதில்லை என்றார் டாக்டர். அதோடு நிறுத்தியிருக்கலாம். காய்ச்சல் விட்டு வேலைக்கு வந்த வைகுண்டராஜனிடமும் அதையே சொன்னார்.

அன்று வைகுண்டராஜன் கஞ்சியைத் தொடவில்லை.

"என்ன குடுத்த அதுகளுக்கு?"

"என்னத்தைக் குடுக்க? கையைத்தான் குடுத்தேன்."

"எத்தனை மாசமா நான் வளத்ததுக. கொஞ்ச நாள் படுத்துட்டேன், அதுக்குள்ள என்னை மறந்துட்டுதுக."

"நீங்க வளத்ததுக எல்லாம் செத்தாச்சு. இதுக அதுக பிள்ளைக. உங்களைத் தெரியாது."

 அவன் கஞ்சிச் சட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

டாக்டர் மேலே எழுதிப்போட்டு அவளுக்கும் தற்காலிக வேலை வாங்கினார். அவனுக்கு ஒரு கூண்டு, அவளுக்கு ஒரு கூண்டு. காலையில் அவன் முதலில் அவள் தட்டைப் பார்ப்பான், பிறகு தன் தட்டைப் பார்ப்பான்.  அவள் தட்டில்தான் எப்போதும் கூடுதல். வீட்டில் அவன் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

ஒருநாள் சாயங்காலம் கூண்டுக்குள் விட்ட கையை, கொசுக்கள் நன்றாகக் குடிக்குமுன்பே முத்துக்கனி வெளியே எடுத்துவிட்டாள். அப்போது டாக்டர் அறையில் இல்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் முதல்முறையாக அவன் தட்டில் முட்டை கூடுதலாக இருந்தது. அன்று வேலை முடிந்து வரும்போது வைகுண்டராஜன் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிவந்தான்.

"எதுக்கு?" என்று கேட்டாள்.

"சும்மாதான்" என்றான். அவனே ஒரு பழத்தை உரித்து அவளிடம் நீட்டினான்.

பழம் நன்றாகப் பழுத்திருந்தது. இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றாள்.