பலகையில் விடுபட்ட ப்

ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர் ஒருவர் நடுவண் அரசின்மீது தனியாளாகத் தொடுத்திருந்த போர், ஒவ்வொரு நாளும் செய்தித்தாள் வாசலில் வந்து விழும் ஓசையோடு தொடங்கும். சிவப்பு மைப் பேனா இல்லாமல் அவர் செய்தித்தாளைத் தொட்டதில்லை. அமைச்சர்களின் அறிக்கைகளில் உள்ள சந்திப்பிழைகளை வட்டமிடுவார். ஓரத்தில் மதிப்பெண்ணும் இடுவார். நிதியமைச்சர் ஒருமுறைகூடத் தேர்ச்சி பெற்றதில்லை. அந்தத் தோல்வி நிதியமைச்சருக்குத் தெரியாமலே போய்க்கொண்டிருந்தது என்பதுதான் இந்தப் போரின் ஒரே குறை.

ஒற்றெழுத்து ஒன்று விடுபட்டாலும் வகுப்பையே நிற்க வைத்தவர் என்பதால், மாணவர்கள் அவருக்கு 'ஒற்று' என்று பெயர் சூட்டியிருந்தார்கள். தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. ஒற்று என்பதற்கு உளவு என்றும் பொருள் உண்டாகையால், புதிதாகக் குடிவந்தவர்கள் சில காலம் அவரிடம் அடக்கி வாசித்தார்கள்.

அவருடைய பெருங்கோபம் செயப்பாட்டுவினையின் மீது. விசாரணை நடத்தப்படும், நடவடிக்கை எடுக்கப்படும், ஆவன செய்யப்படும்.

"எழுவாய் எங்கே?" என்று செய்தித்தாளைப் பார்த்து உறுமுவார். "நடத்துறது யாரு? எடுக்கறது யாரு? ஒரு ஆளு பேரைச் சொல்லிப் பாக்கட்டுமே!"

"குழாய் சொட்டுதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? என்ன சொன்னீங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வரும்.

"கவனிக்கப்படும்னு சொன்னேன்."

"யாரால?"

அதற்குமேல் அவர் விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விடுவார். அங்கேயாவது எழுவாய்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அரசின்மீது நம்பிக்கை இழந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். வானொலியில் மழை வரும் என்று அறிவித்தால், தெருவே குடையை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படும். விலை குறையும் என்று அமைச்சர் சொன்ன மாலையே மளிகைக் கடையில் கூட்டம் முண்டும். ஏறுவதற்குள் வாங்கிவிட வேண்டுமே! எதிர்வீட்டுத் தையற்காரர் ஒருமுறை பெருமூச்சுவிட்டுச் சொன்னார்: "நான் சொல்ற தேதியையும் யாரும் நம்பறதில்லை, அரசாங்கம் சொல்ற தேதியையும் யாரும் நம்பறதில்லை. ஆனா சார், நான் என்னைக்காவது ஒரு நாள் சட்டையைக் குடுத்துடறேன்."

தெருவின் கோடியில் தண்டவாளம். அதைக் கடக்க ஒரு ரயில்வே கேட் இருந்தது. பாதுகாப்புக்காக என்று சொல்லி அதை மூடிச் சுவர் எழுப்பினார்கள். மாற்றாக, நடந்து கடக்க ஒரு மேம்பாலம் வரும் என்றார்கள். இந்தப் பக்கத்துப் படிக்கட்டு வந்தது. அத்தோடு நின்றது. ஏறியவர்கள் உச்சியில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கினார்கள்.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், அவருடைய மனைவியின் அக்கா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தாள். எலும்பு கூடும்வரை அசைக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், அவளை இங்கே அழைத்து வரவும் வழியில்லை. நாள்தோறும் கேரியரில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மனைவி போவாள். உடம்பு துடைத்து, ஊட்டிவிட்டு வருவாள். கேட் இருந்தவரை கேரியரின் சூடு ஆறாது. இப்போது ஊரைச் சுற்ற வேண்டும். சுற்றுகிற வழியும் நிலையாக இல்லை. ஒரு வாரம் சரக்குக் கிடங்கின் பின்புறமாக விட்டார்கள். அங்கே குழி தோண்டியதும் பேருந்து நிலையத்தின் வழியாக என்றார்கள். பிறகு அதையும் அடைத்து, மரக்கிடங்குச் சந்துக்குள் திருப்பினார்கள். சுவரில் இருந்த தகரப் பலகை மட்டும் மாறவே இல்லை:

'பாதை மூடப்பட்டுள்ளது. மாற்று பாதையில் செல்லவும்.'

நாள்தோறும் அந்தப் பலகையைப் பார்த்து ஆசிரியரின் இரத்தம் கொதித்தது. பாலம் வராததற்காக அல்ல. மாற்றுக்கும் பாதைக்கும் நடுவில் ஒரு ப் இல்லை.

இந்நிலையில், ரயில்வே அமைச்சரே நேரில் வந்து குறை கேட்கப்போவதாக அறிவிப்பு வந்தது. தெருவுக்கு ஒருவர் பேசலாம். தெருவினர் கூடி, பேச்சு வன்மை உடையவர் என்று ஆசிரியரைத் தேர்ந்தெடுத்தார்கள். உண்மையில், அவரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் பேச்சை அவர் திருத்துவாரே என்னும் அச்சந்தான் காரணம். அது அவருக்குத் தெரியாது.

புறப்படும்போது மனைவி வாசலில் மறித்தாள்.

"என்னங்க, நேத்து நான் போக நேரமாச்சு. அக்கா பொறுக்கமாட்டாம, தானே எழுந்திருக்கப் பாத்திருக்கா. நான் போறப்ப கட்டில் சட்டத்தைப் பிடிச்சிக்கிட்டுத் தொங்கறா. இன்னொரு தடவை விழுந்தா அப்புறம் எழுந்திருக்கவே மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க ஒண்ணே ஒண்ணு கேளுங்க. பாலம் என்னைக்கு முடியும், தேதி சொல்லுங்க. அவ்வளவுதான். சொல்லுங்க பாப்போம்."

"பாலம் என்றைக்கு முடியும்? தேதி சொல்லுங்கள்."

"அதான். முன்னாடியும் ஒண்ணும் வேணாம், பின்னாடியும் ஒண்ணும் வேணாம்."

"நான் என்ன சின்னக் குழந்தையா?"

"குழந்தையா இருந்தா சொன்னதைச் சொல்லிட்டு வந்துடுமே."

ரயில்வே அலுவலகத்தின் கூட்ட அரங்கில் மின்விசிறிகள் சுழன்றன, நாற்காலிகள் நிரம்பின. மனைவி கேரியரை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கூட்டம் முடிந்ததும் நேரே அக்காவிடம் போக வேண்டும். மேடையில் அமைச்சர் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து, "உங்கள் குறைகள் அனைத்தும் பரிசீலிக்கப்படும். பாலம் விரைவில் கட்டி முடிக்கப்படும்" என்றார். ஆசிரியரின் வலப்புருவம் துடித்தது.

ஒலிவாங்கியைக் கையில் வைத்திருந்த அதிகாரி கண்டிப்பானவர். "சுருக்கமாப் பேசுங்க. நேரமானா வாங்கிடுவேன்" என்று சொல்லியே ஒவ்வொருவரிடமும் அதைக் கொடுத்தார். ஆசிரியரின் முறை வந்தது. எழுந்தார், தொண்டையைச் செருமினார். தேதி நாக்கின் நுனியில்தான் இருந்தது. ஆனால், முன்னுரை இல்லாத கட்டுரைக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட அவர் மதிப்பெண் கொடுத்ததில்லை.

"மாண்புமிகு அமைச்சர் அவர்களே! பாலத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், தங்கள் துறை வைத்திருக்கும் பலகையைப் பற்றி ஒரு சொல். 'மாற்று பாதை' என்று எழுதியிருக்கிறீர்கள். ப் எங்கே? ப் இருந்தால் அது வேறொரு பாதை. ப் இல்லாவிட்டால் வினைத்தொகை. வினைத்தொகை முக்காலமும் காட்டும். மாற்றிய பாதை, மாற்றுகின்ற பாதை, மாற்றும் பாதை! அதாவது நேற்றும் மாற்றினீர்கள், இன்றும் மாற்றுகிறீர்கள், நாளையும் மாற்றுவீர்கள் என்றல்லவா பொருள்படும்? ஒரு பொறுப்புள்ள அரசுக்கு இது இழுக்கில்லையா?"

அரங்கம் அதிர்ந்தது. சிரிப்பு, கைதட்டல், பின்வரிசையிலிருந்து ஒரு சீழ்க்கை. ஆசிரியர் திகைத்துப்போனார். வினைத்தொகையை அத்தனை ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறார். கொட்டாவியைத் தவிர வேறெதையும் ஈட்டியதில்லை. இலக்கணத்தின்மீது மக்களுக்கு இவ்வளவு தாகமா! அவர் நெஞ்சு விம்மிற்று. எதற்காகச் சிரித்தார்கள் என்று ஒரு கணம் நின்று எண்ணிப் பார்த்திருக்கலாம். எண்ணவில்லை.

"சார், தேதி! தேதி!" என்று பின்னாலிருந்து தையற்காரர் சட்டையை இழுத்தார். அது அவரே தைத்த சட்டை, அக்குளில் பிரிந்தது.

"இன்னொன்றும் சொல்கிறேன்" என்றார் ஆசிரியர். "செயப்பாட்டுவினை..."

அமைச்சர் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஐயா, எனக்கு இப்படியொரு வாத்தியார் கிடைக்காமப் போயிட்டாரே! அந்தப் பிழை உடனே திருத்தப்படும்!"

மறுபடியும் கைதட்டல். அதிகாரி ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

"தே..." என்று ஆசிரியர் வெறுங்காற்றில் சொன்னார். அதற்குள் அடுத்த தெருக்காரர் பயணச்சீட்டுச் சாளரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார். ஆசிரியர் திரும்பிப் பார்த்தபோது கடைசி வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கதவுக்கு வெளியே, கேரியரோடு ஒரு முதுகு விரைந்து போய்க்கொண்டிருந்தது.

வீடு திரும்பும் வழியில் தையற்காரர் பிரிந்த அக்குளையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "பேச்சு பிரமாதம் சார்" என்றார்.

"ம்."

"பாலம்தான் கொஞ்சம் விட்டுப்போச்சு."

"முடிவுரையில் கேட்பதாக இருந்தேன்."

"சட்டையைக் கழட்டிக் குடுங்க சார், தைச்சித் தரேன். தேதி மட்டும் கேக்காதீங்க. இன்னைக்கு நீங்க கேக்கவும் மாட்டீங்க."

மனைவி பொழுது சாய்ந்தபின் வந்தாள். அவரைப் பார்க்கவில்லை. சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன. சற்று நேரங்கழித்துக் குரல் மட்டும் வந்தது.

"சாப்பாடு வைக்கப்பட்டிருக்கு."

யாரால் என்று கேட்க அவர் வாயெடுத்தார்; மூடிக்கொண்டார். ஓய்வுபெற்ற பின் முதன்முறையாக, ஒரு வாக்கியத்தைத் திருத்தாமலே சாப்பிட்டு எழுந்தார். அன்றிரவே குழாயையும் பழுதுபார்க்க முயன்றார். அதுவரை சொட்டிக்கொண்டிருந்தது, பிறகு ஒழுகியது.

அந்த வாரமே அது நடந்தது. பாலத்துக்கு ஒரு செங்கல்லும் வராத அந்தச் சுவரடிக்கு ஒரு வண்டி வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், பழைய தகரப் பலகையைக் கழற்றிவிட்டுப் பளபளவென்று புதியதை மாட்டினார்கள். தையற்காரர் கைபேசியை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"சார், குறுஞ்செய்தி! 'தங்கள் தெருவின் குறை தீர்க்கப்பட்டது. கோப்பு முடிக்கப்பட்டது. நன்றி.' நம்ம தெருவுக்கு இனிமே குறையே இல்லையாம்!"

"பாலம்?"

"நீங்க கேட்டது ப் தானே சார். அனுப்பிட்டாங்க."

வாழ்நாள் முழுவதும் அரசு தம் சொல்லைக் கேட்பதில்லை என்று குமுறிய மனிதர் அவர். ஒரே ஒருமுறை கேட்டது. கேட்டதை அப்படியே கொடுத்தும்விட்டது. இந்தக் கொடுமையை யாரிடம் போய் முறையிடுவது?

நண்பகலில் மனைவி கேரியரோடும் பையோடும் கிளம்பினாள். அழைக்காமலே அவரும் பின்னால் போனார். சுவரடியில் இருவரும் நின்றார்கள். 'மாற்றுப் பாதையில் செல்லவும்' என்றது பலகை. எழுத்துகள் திருத்தமாக இருந்தன. ப்பின் தலைமேல் புள்ளி முத்துப்போல் உட்கார்ந்திருந்தது. பலகைக்குக் கீழே, மரக்கிடங்குச் சந்தின் வாயில் கயிறு கட்டப்பட்டிருந்தது. சந்து நிறையக் குழாய்கள். நேற்றுவரை இருந்த வழி இன்று இல்லை. அம்புக்குறி ஒன்று, இதுவரை யாரும் போயிராத திசையைக் காட்டியது.

"உங்க ப் வந்தாச்சு" என்றாள் மனைவி. "அது மேல ஏறித்தான் நான் எங்க அக்கா வீட்டுக்குப் போகணுமா?"

அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றும் மாற்றினார்கள். இன்று மாற்றியிருக்கிறார்கள். நாளையும் மாற்றுவார்கள். அரங்கம் எதற்காகச் சிரித்தது என்பது, வகுப்பில் கடைசி வரிசை மாணவனுக்குப் புரிவதுபோல, மெதுவாக அவருக்குப் புரிந்தது. அரசு தன் வாழ்நாளில் ஒரே ஒரு மெய்யை எழுதி வைத்திருந்தது; அதையும் தெரியாமல்தான் எழுதியிருந்தது. நாமே போய், ஊர் கூடிய அவையில், அமைச்சரின் காலரைப் பிடிக்காத குறையாக, அதைத் திருத்தச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்!

"உங்க அக்காவுக்கு வாங்கின பிளாஸ்திரி பையில இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

வாங்கி, ஒரு துண்டு கிழித்தார். குதிகாலை எக்கி, ப்பின்மேல் ஒட்டினார்; ஓரங்களைக் கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்தார்.

"ஐயையோ, என்னங்க பண்றீங்க? இப்ப தப்பாயிடுச்சே!"

"தப்புத்தான். ஆனா பொய் இல்லை."

மனைவி பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். உதட்டோரம் ஏதோ நெளிந்தது. அதை அவள் சிரிப்பாக விடவில்லை.

"அப்ப பாலம்?"

"நாளைக்குக் காலையில நேரா ரயில்வே ஆபீசுக்குப் போய்த் தேதி கேட்..."

"கேக்கப்படுமா, கேப்பீங்களா?"

"கேப்பேன்."

"முன்னுரை?"

"இல்லாம."

"பாப்போம்" என்றாள். நம்புகிறவளின் குரல் இல்லை அது. வானொலியில் மழை அறிவிப்பைக் கேட்கும் குரல். "முதல்ல இதைப் பிடிங்க. நேரமாச்சுன்னா அவ எழுந்திருக்கப் பாப்பா. வாங்க சீக்கிரம்."

கேரியரை ஒரு கையிலும் பையை மறு கையிலும் தூக்கிக்கொண்டு, அம்புக்குறி காட்டிய திசையில் அவர் ஓட்டமும் நடையுமாகப் போனார். திருப்பத்தில் இன்னொரு பலகை. 'சுற்றி செல்லவும்.' ச் ஒன்று குறைந்தது. சட்டைப்பையில் சிவப்பு மைப் பேனா இருந்தது. இரண்டு கைகளும் ஒழியவில்லை.

"பாத்தேன், பாத்தேன்" என்றாள் முன்னால் போய்க்கொண்டிருந்த மனைவி, திரும்பாமலே. "கேரியர் சாயுது. நேராப் பிடிங்க."